தொண்டைக்குழி

"என்னம்மா இது, மனுஷனுக்குப் போய் நாரையோட கவட்டையை வச்சிருக்கீங்க?"

துறைத்தலைவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவளும் பார்த்தாள். கல்லூரி அருங்காட்சியகத்தில் எலும்புகளைத் துளையிட்டுக் கம்பியால் கோத்து நிற்கவைப்பது அவள் வேலை. மாணவர்களுக்கு அவள் 'கம்பி அக்கா'. நாளைய திறப்புவிழாவுக்காக ஒரு நாரையையும் ஒரு மனிதனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். ஒன்று சிறகு விரித்து, மற்றது கை விரித்து. நாரைக்குத் தோளிலிருந்து வரும் காறையெலும்பு இரண்டும் தொண்டைக்குக் கீழே ஒட்டி ஒரே கவட்டையாகிவிடும். மனிதனுக்கு அவை தனித்தனி, நடுவே தொண்டைக்குழி. இங்கே மனிதனுக்கும் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"நான் இப்படி வைக்கல சார். யாரோ கை வச்சிருக்காங்க."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? நாளைக்கும் இப்படியே நின்னா நீங்க இனிமே வரவேண்டாம்."

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார். இத்தனை வருஷ வேலைக்கு இதுதான் மரியாதையா? எந்தப் படுபாவி இந்த வேலையைச் செய்தானோ, கையில் மட்டும் கிடைக்கட்டும், விலாவை எண்ணிவிடுகிறேன்! கதவை உள்ளே தாழிட்டாள். மனிதனின் காறையெலும்புகளைக் கட்டியிருந்த கம்பியை நறுக்கினாள்.

அவள் படம் பார்த்துக் கோப்பவள் அல்ல. தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் கோப்பாள். ஒரு கை தன் முழங்கையில், ஒரு கை எலும்பில். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. ஜன்னலில் அந்தி வெளிச்சம் பழுத்துக்கொண்டிருந்தது, பசையும் பழைய எலும்புத்தூளும் சேர்ந்த புளித்த வாடை மூக்கில் ஏற, தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றச் சுற்ற, விரிந்த இரண்டு கூடுகளின் நிழலும் சுவரில் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின.

போன் அடித்தது. கணவன்.

"சாப்பிட்டியா இல்லையா? வரவர ஊதினா பறந்துடுவ போல இருக்க."

"உனக்குக் கிண்டல் பண்ண நேரம் கிடைச்சுது பாரு! போனை வை."

தன் தோளைத் தொட்டாள், கோத்தாள். கழுத்தடியைத் தொட்டாள், கோத்தாள். கம்பியை முறுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

கவட்டை.

தாழ் போட்டபடி இருந்தது. யாரும் வரவில்லை. அவள் கைதான். அவளேதான்.

"சீ, கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?"

ஆத்திரத்தோடு துளைக்கருவியை எடுத்தாள். ஒரு காறையெலும்பின் நுனியைப் பிடித்து அழுத்தினாள். முனை வழுக்கியது. அவளுடைய இடது மேற்கையில் இறங்கியது. சதை, பிறகு எலும்பு. பிறகு, எதுவுமில்லாத ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் அவளுக்குத் தெரிந்தது. போன வாரம் நாரையின் சிறகில் மேற்கையெலும்பைத் துளைத்தபோது முனை இப்படித்தான் சட்டென்று உள்ளே விழுந்தது. அந்த எலும்புக்குள் மஜ்ஜை கிடையாது, காற்றுதான். நுரையீரலோடு தொடர்புள்ள காற்று. உயிரோடிருக்கும் பறவைக்குத் தொண்டை அடைத்தாலும், அந்த எலும்பு உடைந்திருந்தால் அதன் வழியே மூச்சு போய்வரும்.

முனையை உருவினாள். இரத்தம் இரண்டே சொட்டு.

வலது விரலைத் தொண்டைக்குக் கீழே வைத்தாள். குழி இருக்கவேண்டிய இடம். விரல் உள்ளே போகவில்லை. எலும்பு. இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை, ஒரே எலும்பு.

கணக்கு தப்பவில்லை. அவள் சரியாகத்தான் கோத்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. துறைத்தலைவர். "என்னம்மா, முடிஞ்சுதா இல்லையா?"

மின்விசிறியை நிறுத்தினாள். மேசையில் கிடந்த மெல்லிய காகிதத்தைக் காயத்தின் மேல் போட்டாள். வாயை இறுக மூடினாள். மூக்கைப் பொத்தினாள். காத்திருந்தாள். நெஞ்சு முட்டட்டும். முட்டு. முட்டித் தொலையேன்!

"அம்மா, உள்ளேதானே இருக்கீங்க?"

முட்டவில்லை. காயத்தின் மேல் காகிதம் மெல்ல எழுந்தது. அமர்ந்தது. எழுந்தது.