நாலு இருபத்திரண்டுக்கு வெளியேறினார் ஹெக்டர்!

புதன்கிழமை. பிற்பகல் மூன்று ஐந்து.

மனிதவளப் பிரிவின் தொலைபேசி அலறியது.

சுதர்ஷிகா எடுத்தாள்.

“மிஸ்... இழுவைப்படகு இறங்குதுறையில இருந்து கதைக்கிறன்... தண்ணிக்குள்ள ஒரு பிரேதம்!”

“ஐயோ... ஆர்ர?”

“முகமே இல்லை மிஸ்! படகின்ர விசிறி வெட்டிப்போட்டுது... சட்டைப் பையில எங்கட கார்ட் கிடக்கு. களஞ்சியம் ஹெக்டர்!”

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது.

கிழக்குத் துறைமுகப் பணிகள் கூட்டுத்தாபனம். ஆயிரத்து நானூறு ஊழியர்கள். அந்த ஆயிரத்து நானூறு பேருக்கும் கீழே ஒருத்தி... மனிதவளப் பயிலுநர் சுதர்ஷிகா! வயது இருபத்துமூன்று. கப்பல்துறையிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் வருவாள். ஆறு மாதப் பயிற்சியில் ஐந்தாவது மாதம். போட்டோ பிரதி எடுப்பாள். லீவுப் படிவங்களை அடுக்குவாள். திட்டு வாங்குவாள்.

முதல் நாள் அவளுக்குக் கொடுத்தது கால் உடைந்த கதிரை. யாரும் கவனிக்கவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் ஹெக்டர் மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மறுநாள் காலை புதுக் கதிரை வந்து நின்றது. கடிதமும் இல்லை, கையொப்பமும் இல்லை.

அந்த மனிதர் செத்துவிட்டாரா?

மூன்று நாற்பதுக்கு அம்புலன்ஸ் பிரேதத்தை ஏற்றிக்கொண்டு போனது. ஹெக்டருக்கு மனைவி இல்லை. உறவும் இல்லை. விடுதியில் தனிக்கட்டை. அதனால் மனிதவள முகாமையாளர் சோமசேகரம்தான் அடையாளம் காட்டினார். இன்ஸ்பெக்டர் அஸாம் குறித்துக்கொண்டார்.

கால் வழுக்கி விழுந்திருக்கலாம்... விபத்து!

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

வியாழன் காலை.

“பிள்ளை, ஹெக்டரின்ர ஊழியர் கோவையை மூடவேணும். கடைசி நாள் வரவுத் தாளை எடுத்து வையும்” என்றார் சோமசேகரம்.

சுதர்ஷிகா அச்சடித்தாள். தாளைப் பார்த்தாள்.



உள்வருகை: காலை 7.41.

வெளியேற்றம்: மாலை 4.22. பின் கேற்.

மூன்று நாற்பதுக்குப் பிரேதம் அம்புலன்ஸில் ஏறியது. நாலு இருபத்திரண்டுக்கு அதே ஆள் கைவிரல் வைத்து வெளியே போயிருக்கிறார்!

தாளோடு ஓடினாள்.

“சேர்... இதைப் பாருங்கோ!”

சோமசேகரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மெசின் பிழை.”

“இல்லை சேர். போன மாசம் புது மெசினுக்கு எல்லாரின்ர விரலையும் பதிஞ்சது நான். ஹெக்டர் அண்ணையின்ர பெருவிரல் பிடிக்கேல்லை. இடது மோதிரவிரலைத்தான் பதிஞ்சனான். பின் கேற்றில காவலாளி இல்லை... விரல் வைச்சால்தான் சுழல்கதவு திறக்கும்!”

“என்ன சொல்ல வாறீர்?”

“அண்ணை உயிரோட இருக்கிறார் போல...”

“அப்ப நான் அடையாளம் காட்டின பிரேதம்?”

“நீங்க அடையாளம் காட்டினது சட்டையை, சேர்.”



சோமசேகரத்தின் முகம் கறுத்தது.

“உம்மட மதிப்பீட்டு அறிக்கை என்ர கையில கிடக்கு. பொலிஸ் வேலை பாக்கவே இஞ்ச வந்தனீர்? பதினொண்டே முக்காலுக்கு இரங்கல் கூட்டம். எல்லாரும் மண்டபத்துக்குப் போயிடுவினம். நீர் போனுக்குப் பக்கத்தில இரும்!”

 அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அஸாமும் கூட்டத்துக்கு வருகிறாராம்... முடியும்போது ஓடிப்போய் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்!

பதினொன்று ஐம்பது. பிரிவு வெறிச்சோடிக் கிடந்தது.

தபால் தட்டில் அன்றைய கடிதங்கள் உடைபடாமல் கிடந்தன. வெளியே கச்சான் காற்று புழுதியை வாரி அடித்தது. ஏசிக்காக ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. முற்றத்துக்கு அப்பால் மண்டபம். சோமசேகரத்தின் பேச்சு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டது.

அவள் கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தாள். கேற்றுகளில் யார் விரல் வைத்தாலும் அந்தத் திரையில் ஒரு வரி விழும்.

பதினொன்று ஐம்பத்தாறு.

ஒரு வரி விழுந்தது.

உள்வருகை. பின் கேற். பெயர்...

ஹெக்டர்!



சுதர்ஷிகா கைபேசியை எடுத்தாள். சோமசேகரத்தின் இலக்கத்தை அழுத்தினாள். ‘நீங்கள் அழைத்த வாடிக்கையாளர்...’ இரங்கல் கூட்டத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்! இன்ஸ்பெக்டரின் இலக்கம் அவளிடம் இல்லை. 119 அடிக்கலாம்...

படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம்.

தடக்... தடக்... தடக்...

கண்கள் மேசையெல்லாம் அலைந்தன. அங்கே ஒரு மைக். வேலைமுறை மாற்றங்களை அறிவிக்கும் மைக். அதன் பொத்தானை அமுக்கினால் மண்டபம், இறங்குதுறை, களஞ்சியம் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்கும்.

அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கோவையை நிமிர்த்தி வைத்தாள்.

கதவு திறந்தது.

அவர்தான்!

சவரம் செய்யாத முகம். சிவந்த கண்கள். வலது கையில் பொதி இழுக்கும் இரும்புக் கொளுக்கி.

“ஹெ... ஹெக்டர் அண்ணை!”

“கத்தாதையும் பிள்ளை.” கதவைப் பூட்டினார். “உம்மை ஒண்டும் செய்யமாட்டன். இண்டைய தபால் எங்க?”

“தபாலோ?”

“மன்னாரில இருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். நீர் பள்ளிக்கூடங்களுக்கு எழுதினனீரெல்லே... சான்றிதழ் சரிபார்க்க?”

ஓம். நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தாள். பயிலுநருக்கு வேறென்ன வேலை!

“அது எங்க கிடக்கெண்டு தேடவேணும், அண்ணை.” குரல் நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்தாள். “அண்ணை... அப்ப நேத்துச் செத்தது ஆர்?”

 கொளுக்கியின் நுனி மேசை விளிம்பைக் கீறியது.

மண்டபத்தில் பேச்சு நின்றது. இரண்டு நிமிட மௌனம் ஆரம்பித்துவிட்டது!

“சொல்லுங்கோ அண்ணை. எனக்குக் கதிரை தந்தனீங்கள்... உங்களை நான் காட்டிக் குடுக்கமாட்டன். செத்தது ஆர்?”

அவர் அவளை நேராகப் பார்த்தார்.

“ஹெக்டர்.”

“என்ன?”

“செத்தது ஹெக்டர்தான் பிள்ளை. உண்மையான ஹெக்டர்! நான் சின்னராசா.”

சுதர்ஷிகா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர். சண்டைக்குள்ள அவன் பிரான்ஸுக்குப் போனவன். போகேக்க பிறப்பத்தாட்சி, சோதனைச் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு என்னட்டத் தந்தவன். நான் பத்தாம் வகுப்புத் தாண்டேல்லை. இஞ்ச வேலைக்கு ஆள் கேட்டவை. அவன்ர பேரில விண்ணப்பிச்சன். கிடைச்சிட்டுது... இருவத்தேழு வருசம் பிள்ளை!”

“அவர் திரும்பி வந்திட்டாரோ?”

“போன மாசம். அடையாள அட்டை எடுக்கப் போயிருக்கிறான். உங்கட பேரில ஒராள் திருகோணமலையில அரச வேலையில இருக்கிறார் எண்டு சொல்லியிருக்கினம். பள்ளிக்கூடத்துக்கும் போய் அதிபரிட்டச் சொல்லிப்போட்டான். அவர் உடன இஞ்ச கடிதம் போட்டிட்டாராம். நேத்து மத்தியானம் களஞ்சியத்துக்கே வந்திட்டான்.”

“என்ன கேட்டவர்?”

“என்ர பேரைத் தா எண்டு கேட்டவன்.” குரல் உடைந்தது. “வாற வருசம் நான் ஓய்வு. ஒரு வருசம் பொறடா எண்டு காலில விழுந்தன். சிரிச்சான்... பிறகு என்ர கையில இது இருந்தது.”

கொளுக்கியை உயர்த்திக் காட்டினார்.

“என்ர சட்டையைப் போட்டு, கார்டை வைச்சு, இறங்குதுறையில தள்ளினன். பேர் அவன்ர. சாவும் அவன்ரயாப் போச்சு. செத்த ஆளின்ர வரவுத் தாளை ஆர் பாக்கப்போகினம்?”

“நான் பாத்தனான்.”



சின்னராசாவின் கண்கள் சுருங்கின.

“கடிதத்தை எடும்.”

“அண்ணை...”

“எடும் எண்டு சொல்லுறன்!”

ஒரு கையால் தபாலைத் துழாவினார். ஒரு உறையைப் பறித்தார். மன்னார் முத்திரை! கிழித்துச் சுக்குநூறாக்கினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நல்ல பிள்ளை நீர்...” மூச்சு வாங்கியது. “என்ன செய்யிறது... நீரும் பாத்திட்டீர்.”

கொளுக்கி மேலே எழுந்தது!

சுதர்ஷிகா கதிரையை அவர் முழங்காலில் உதைத்துவிட்டு மேசைக்கடியில் பாய்ந்தாள். கொளுக்கி கணினியைப் பிளந்தது. பொறி பறந்தது. மைக் உருண்டு விழுந்து கீச்சிட்டது.

கீச்ச்ச்...!

முற்றத்துக்கு அப்பால், மண்டபத்து ஒலிபெருக்கிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அதே கீச்சொலியை எழுப்பின.

சின்னராசா உறைந்தார். தரையில் கிடந்த மைக்கைப் பார்த்தார். பச்சை விளக்கு.

“இது... எப்ப தொடக்கம்?”

மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது.

“நீங்க கதவைத் திறக்க முன்னமே, அண்ணை.”

படிக்கட்டு அதிர்ந்தது. ஒருவர் அல்ல... நூறு பேர்! கதவு உடைந்தது. முன்னால் இன்ஸ்பெக்டர் அஸாம், கையில் துப்பாக்கி.

“கொளுக்கியைக் கீழ போடு!”

போட்டார். அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற உடம்பு, காற்றுப் போன டயர்போல் சுருங்கியது.

விலங்கு மாட்டியபோது அவர் சுதர்ஷிகாவைத்தான் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவருக்காகவா, முகம்கூட இல்லாமல் போன அந்த இன்னொருவருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

“உண்மையில பயந்திட்டம் தங்கச்சி!” அஸாம் வியர்வையைத் துடைத்தார். “ரெண்டு நிமிச மௌனம்... எல்லாரும் தலை குனிஞ்சு நிக்கினம்... ஒலிபெருக்கியில செத்த ஆளின்ர குரல்! களஞ்சியத்து ஆக்கள் மூண்டு பேர் மயங்கி விழுந்திட்டினம். முகாமையாளர் மேடையாலயே குதிச்சிட்டார்!”

அஸாமும் பொலிஸாரும் சின்னராசாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார் சோமசேகரம். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. சுதர்ஷிகாவின் முகத்தைப் பார்க்கும் துணிவு அவருக்கு இல்லை. கதிரையில் அமர்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை... காலமை நீர் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும்.”

“பரவாயில்லை சேர்.”

“மதிப்பீட்டு அறிக்கை நல்லா எழுதுறன். ஆனா இப்ப கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதவேணுமே! செத்தவர் ஹெக்டர். அவர் இஞ்ச ஒரு நாள்கூட வேலை செய்யேல்லை. வேலை செய்தவர் சின்னராசா. அப்பிடி ஒராள் எங்கட பதிவிலயே இல்லை. ஹெக்டரின்ர கோவையை என்னெண்டு சொல்லி மூடுறது?”

சுதர்ஷிகா கண்ணைத் துடைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“‘அறிவிக்காமல் லீவு, இருவத்தேழு வருசம்’ எண்டு போடுங்கோ சேர்!”