மூடிய டிக்கிக்குள் ஒரு விளக்கு

"ஏங்க... கையை எடுங்க!"

தூறலைக் கிழித்துக்கொண்டு வந்த அந்தக் குரலில், கிளம்பாத தன் காரின் பேட்டரியில் இளம் கால்நடை டாக்டர் மாட்டப்போன கேபிள் கையிலிருந்து நழுவியது.

பக்கத்தில் நின்ற மாட்டாஸ்பத்திரி வேனுக்குப் பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்தாள் அவள். முழங்கை வரை மடித்த சட்டை. கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு. அந்தக் கண்கள்... மழையில் நனைந்தும் அணையாத கோபம் அவற்றில்.

"சிவப்பைக் கொண்டுபோய் மைனஸ்ல மாட்டப் போறீங்களே! மாட்டுக்கு ஊசி போடறதும் இப்படித்தானா?"

"மாடு இந்த அளவுக்குத் திட்டாதுங்க..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்து மறைத்துக்கொண்டாள். அவள் கார் எலக்ட்ரீஷியன். வேனின் ஹெட்லைட்டைச் சரிசெய்ய வந்தவள்.

"என்ன பிரச்சினை?"

"ரெண்டு நாள் நிறுத்தி வச்சா மூணாம் நாள் கிளம்ப மாட்டேங்குது. அப்பா ரெண்டு பேட்டரி மாத்திட்டார். அவர் முப்பது வருஷமா மெக்கானிக்."

மீட்டரை வைத்துப் பார்த்தாள். பதினொன்றைக்கூடத் தொடவில்லை.

"பன்னிரண்டரை வோல்ட் இருக்கணும். பாவம், பேட்டரி மேல தப்பில்ல. வண்டி சும்மா நிக்கும்போது ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிச்சிட்டிருக்கு."

தன் வண்டியில் உபரியாக வைத்திருந்த நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினாள். மைனஸ் கேபிளுக்கு நடுவே மீட்டரைக் கோத்தாள்.

"இனி அரை மணி நேரம் கதவைத் தொடக் கூடாது. உள்ள இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் தூங்கணும். அப்பதான் தூங்காம இருக்கிறது எதுன்னு தெரியும்."

மழை வலுத்தது. இருவரும் குறுகலான கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி...

"முதல் வருஷம் ஒருத்தரும் என்னை நம்பி வண்டி குடுக்கல" என்றாள். "'ஆம்பளை யாராச்சும் இருக்காங்களாம்மா'ன்னுதான் கேப்பாங்க."

"நான் கேக்கலையே!"

"நீங்க கேக்கிற நிலைமையில இல்ல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். காலையில் ஒரு கன்றுக்குட்டியை உலகத்துக்கு இழுத்துவந்த கதையைச் சொன்னான். சொல்லும்போது அவன் கைகள் அந்தக் கன்றை இன்னும் ஏந்திக்கொண்டிருப்பதுபோல் மெதுவாக அசைந்தன. 'நல்ல கைகள்...' என்று நினைத்தாள். உடனே மீட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

"நானூறு மில்லி ஆம்பியர்! ஐம்பதைத் தாண்டக் கூடாது."

பானட்டுக்குள் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஆறு வரைக்கும் அசைவில்லை. உள்விளக்குகளுக்கான ஏழாவதைப் பிடுங்கியதும் எண் சரசரவென இறங்கி முப்பதில் நின்றது.

நேரே போய் டிக்கியைத் திறந்து, ஓரத்தில் இருந்த சின்ன விளக்கைத் தொட்டாள். ஃபியூஸ் இல்லாமல் அணைந்திருந்தாலும் இன்னும் சுட்டது!

"இதான். டிக்கியை மூடினா விளக்கு அணையணும். சுவிட்ச் வளைஞ்சிருக்கு. மூடின டிக்கிக்குள்ள இது எரிஞ்சுட்டே இருந்திருக்கு. யார் கண்ணுக்கும் தெரியல. யார் மாட்டினது இதை?"

அவன் முகம் வாடியது.

"அப்பா... இருட்டுல நான் கருவிகளைத் தேடக் கூடாதுன்னு அவரே செஞ்சு வச்சது." கொஞ்சம் தயங்கினான். "ஏங்க... எலி வயரைக் கடிச்சிருச்சுன்னு சொல்லிடலாமா? தன்னாலதான்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

மழைச் சத்தத்தை மீறி அவள் குரல் வந்தது.

"முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரு தப்பைத் தாங்கத் தெரியாதா? நீங்க அவரைக் காப்பாத்தல... குறைச்சு எடை போடறீங்க. என் வேலையில பொய் சேராது டாக்டர்."

சுவிட்சை நிமிர்த்தினாள். ஃபியூஸைப் போட்டாள். தன் பேட்டரியை அவன் காரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான்கு நாட்கள். அதிகமாகப் பேசிவிட்டோமோ...? இல்லை, சரியாகத்தான் பேசினேன். ஆனாலும் பட்டறை வாசலில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவள் தலை நிமிர்ந்தது. 'உனக்கென்ன வந்தது?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் அந்தக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் நரைத்த மீசைக்காரர்.

"என் விளக்கைக் கண்டுபிடிச்சது நீதானாம்மா?"

"ஆமாங்க." அவள் குரல் தடுமாறவில்லை.

"அன்னைக்கே வந்து இவன் சொல்லிட்டான். 'உங்க விளக்குதான்பா காரணம்'னு. ரெண்டு நாள் அவன்கூட நான் பேசல. அந்தச் சுவிட்சை மறுபடி வளைச்சு வச்சேன். போனை வீடியோ எடுக்கவிட்டு டிக்கிக்குள்ள போட்டு மூடினேன். எடுத்துப் பார்த்தா... ஜெகஜோதியா எரியுது!" மீசை துடிக்கச் சிரித்தார். "ரெண்டு நல்ல பேட்டரியைக் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருக்கேன். ஃபியூஸைக் கழட்டிக் கழட்டி மீட்டரைப் பாத்தியாமே... எனக்கும் காட்டுறியா?"

"தாராளமா. உள்ள வாங்க."

அவர் உள்ளே போனார். வாசலில் அவன் மட்டும் நின்றான்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு" என்றான். "வீடு போய்ச் சேர்றதுக்குள்ளயே புரிஞ்சிருச்சு."

"அப்பாகிட்ட சொன்னீங்களே... அது போதும்."

"போதாதுங்க. இன்னொண்ணு சொல்லணும்." மூச்சை இழுத்துவிட்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. திட்டினீங்களே, அந்த நிமிஷத்துல இருந்து. சுத்தி வளைக்கத் தெரியல... உங்ககூட வாழணும்னு ஆசைப்படறேன்."

அவள் தலை குனியவில்லை. அவன் கண்களை நேராகப் பார்த்தாள். கன்னம் மட்டும் சூடாகிச் சிவந்தது.

"நாலு நாளா எந்த வண்டி வந்தாலும் நீங்கதானோன்னு எட்டிப் பார்த்தேன்" என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. எங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்... நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

உள்ளேயிருந்து ஒரு செருமல்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரலாமாம்மா? இல்ல, டாக்டர் மட்டும்தானா?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"நீங்க வராம எப்படி... மாமா!" என்றாள் அவள்.