ஏழாம் போர்ட் திறந்திருந்தது

கணினித் திரையில், ஏழாம் போர்ட்டில் ஒரு வரி வந்து விழுந்தது. 640.

பூபுசாரா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்திருந்தது. மேசைக்கு எதிரே இருந்த ஜன்னலைக் கூரைவரை பனி மூடியிருந்ததால் கண்ணாடியில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அடுப்பின் நிலக்கரி நெடி, கொதித்துக் கொதித்துக் கசந்துபோன தேநீர், கணவாய்ச் சாலையைக் கண்காணிக்கும் அந்த நிலையத்தின் தகரக் கூரையைக் காற்று ஓயாமல் உரசும் சத்தம், எல்லாமே அவளுக்கு அலுத்துப் போயிருந்தன. அழக்கூட அலுப்பாக இருந்தது.

அங்கிருந்த பழைய மென்பொருளுக்குக் கம்பி வழியாக வரும் எண்களை மட்டுமே வாங்கத் தெரியும். அதை ஏமாற்றத்தான் புளூடூத்தில் இந்தப் பொய் போர்ட்டுகள். கம்பி செருகியிருப்பதாக அது நம்பிக்கொள்ளும். பனி அளக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண். எதிரே இருப்பது எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கருவி சொல்லும். அதுவும் யாராவது பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால்தான்.

ஏழு அவள் கணவன் ஓர்மோனுடையது. பனிச்சரிவு அவனை அடித்துக்கொண்டு போனபோது கருவி அவன் கையில்தான் இருந்தது. உடல் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் சடங்கு முடியும்வரை போனவரின் பொருளை யாரும் கலைப்பதில்லை என்பதால் அந்தப் போர்ட்டையும் யாரும் அழிக்கவில்லை. பூபுசாரா அதை எந்நேரமும் திறந்தே வைத்திருந்தாள். எப்படியாவது வந்து சேரட்டும், மண்ணுக்குள் வைத்துவிட்டு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

640.

"தொக்தோசுன்!"

ஓர்மோனின் தம்பி ரொட்டியை மென்றபடி வந்தான். ஜெங்கே, ஜெங்கே என்று அண்ணியை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. "என்ன ஜெங்கே, மறுபடி கம்ப்யூட்டரோட சண்டையா? பாவம், உங்க திட்டெல்லாம் வாங்கிக்க அது என்ன எங்க அண்ணனா?"

அவள் திரையைக் காட்டினாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பேட்டரி எப்பவோ தீர்ந்திருக்கணுமே."

"பத்து மீட்டருக்குள்ள இருந்தாத்தானே வரும்?"

"ஆமா... சரிவு இழுத்துட்டு வந்து ஜன்னலுக்கு வெளிய தள்ளியிருக்கும். பொத்தான் மேல கல்லு கில்லு அழுத்திட்டிருக்கும். தோண்டிப் பாக்குறேன்." ரொட்டியை மேசையில் வைத்தான். "அண்ணனும் அங்கயே கிடந்தா... நீங்க வெளிய வராதீங்க ஜெங்கே."

மண்வாரியும் விளக்குமாகப் போனான். சற்று நேரத்தில் ஜன்னலுக்கு அப்பால் சரக், சரக் என்று பனி வாரும் சத்தம் கேட்டது.

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். 655. நிமிர்ந்தாள். 640. மறுபடி குனிந்தாள். 655. ஜன்னல் பக்கம் குனிந்தால் தூரம் கூடுகிறது என்றால், கருவி அவளுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அப்பால். கருவிக்கு எதிரே இருப்பது கல்லும் இல்லை, பனியும் இல்லை. அவள்தான்.

அதன்பின் அவள் அசையவே இல்லை. எண் மட்டும் அசைந்தது.

510.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடியது. பனிக்காற்று கழுத்தைத் தொட்டது.

"தொக்தோசுன், அதுக்குள்ள வந்துட்டியா?"

சரக். சரக். சத்தம் ஜன்னல் பக்கமிருந்துதான் வந்தது.

380.

"இங்க ஒண்ணும் இல்ல ஜெங்கே!" வெளியிலிருந்து கத்தினான். "இன்னும் கொஞ்சம் தோண்டுறேன்!"

220.

ஈர ஆட்டுத்தோல் நெடி. ஓர்மோனின் கோட்டு. அடுப்படியில் எத்தனை தடவை காயப்போட்டிருப்பாள்.

90.

பலகைத் தரையில் சொட்டு விழுந்தது. இன்னொன்று. திரும்ப வேண்டும். திரும்ப முடியவில்லை. இவ்வளவு நாள் கூப்பிட்டதே அவள்தான்.

30.

மண்வாரி கண்ணாடியில் இடித்தது. பனி பொலபொலவென்று சரிந்தது. அந்த ஓட்டையில் விளக்கு. அதன் பின்னால் தொக்தோசுன் முகம், ஏதோ கிண்டல் சொல்ல வாய் திறந்த முகம்.

வாய் அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தான்.

"அண்ணே," என்றான். "உன் முகம் எங்கண்ணே?"

ஈர ரோமம் அவள் கன்னத்தில் பட்டது.

0.

0.

0.