விசிலுக்குப் பிந்திய பந்து

பந்து மட்டையை விட்டுக் கிளம்புமுன்பே கோவில்பட்டி மைதானம் கைதட்டத் தொடங்கிவிடும். வெளியூரிலிருந்து முதல்முறை ஹாக்கி பார்க்க வந்தவர்கள்தான் திருதிருவென்று விழிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் தரையையே பார்ப்பதில்லை. கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு பெருந்திரையைப் பார்ப்பார்கள். திரை, தரையைவிட அரை நொடி முந்தி ஓடியது.

அந்த அரை நொடியைக் கொடுத்தது பத்திரிகைப் படக்காரி செண்பகவல்லியின் கையிலிருந்த முந்துவில்லை என்ற கேமரா லென்ஸ். கைக்குழந்தையின் கனம், ஒரு வீட்டின் விலை. அதில் இரண்டு வளையங்கள். முன்வளையத்தைத் திருகினால் தூரம் கிட்டே வரும். எந்த ஜூம் லென்ஸும் செய்கிற வேலைதான். பின்வளையத்தைத் திருகினால் நேரம் கிட்டே வரும். ஆட்டக்காரரின் பார்வை போகும் திசை, தோளின் சாய்வு, கெண்டைக்கால் தசையின் சின்னத் துடிப்பு எல்லாவற்றையும் வில்லை படித்து, அடுத்து நடக்கப்போவதை இப்போதே படமாக்கித் தந்துவிடும். நல்ல கணம் கண்ணில் படும்போது விரல் பிந்திவிடுவது விளையாட்டுப் படக்காரர்களின் தலையெழுத்தாக இருந்தது. முந்துவில்லை அதை அழித்து எழுதியது.

மூன்று சீசன்களாக வில்லை ஒருமுறைகூடத் தவறவில்லை. நடுவர்களோடு நடக்கும் சண்டைக்கு முடிவு கட்ட, போட்டிக் குழு ஒரு விதியே போட்டுவிட்டது. கோல் உண்டா இல்லையா என்பதற்கு வில்லையின் படமே தீர்ப்பு. படம் வந்ததும் நடுவரின் கைப்பட்டை அதிரும், அவர் ஊதிவிட வேண்டும். பழைய கேமராக்கள் பரணுக்குப் போயின. பார்வையாளர்களின் போன்களில்கூடக் குட்டி முந்துவில்லைகள் வந்துவிட்டன. நடந்ததைப் படமெடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

செண்பகவல்லியிடம் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. வலது கண் கேமராவில் இருக்கும்போது இடது கண்ணையும் திறந்தே வைத்திருப்பாள். எங்கிருந்து யார் ஓடி வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? முந்துவில்லையில் அப்படிப் பார்த்தால் ஒரு கண்ணில் வரப்போவதும் மறு கண்ணில் இப்போதும் தெரிந்து தலை சுற்றும். புதிதாக வந்தவர்கள் பேசாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். செண்பகவல்லி ஒரு வாரம் வாந்தி எடுத்தாள், பிறகு பழகிவிட்டது. தன் தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவள் நம்பினாள். அது உண்மையும்கூட.

அன்று இறுதிப் போட்டி. உள்ளூர் அணிக்கு எதிராக விளாத்திகுளம் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர் அணிக்கு, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. அடிப்பவள் ரிஸ்வானா. வலைக்கு முன்னால் விளாத்திகுளத்தின் கோல்கீப்பர் மாடத்தி. மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த ரெஜினா மேடம், மடியில் பலகைக் கணினியோடு முன்வரிசையில் இருந்தார். மாடத்திக்கு ஜூனியர் வயது இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த ஒரு பந்தை விட்டால் அவள் மறுபடி தீப்பெட்டி ஆலைக்குத்தான் போக வேண்டும்.

ரிஸ்வானா குனிந்தாள். வில்லையில் மாடத்தி இடப்பக்கம் பாய்ந்தாள், பந்து வலப்பக்கம் வலைக்குள் விழுந்தது. செண்பகவல்லியின் விரல் அழுத்தியது. திரையில் கோல். மைதானம் எழுந்து ஆடியது. விசில் பறந்தது. ரெஜினா மேடம் பலகைக் கணினியில் ஒரு பெயரை ஒரே தட்டில் அழித்து மூடினார்.

அதற்குப் பிறகுதான் பந்து போனது.

செண்பகவல்லியின் இடது கண் அதைப் பார்த்தது. இடப்பக்கம் சாய்ந்திருந்த மாடத்தி கடைசி இமைப்பில் உடம்பை முறித்து வலப்பக்கம் விழுந்தாள். காலில் பட்ட பந்து கம்பத்தை உரசி வெளியே ஓடியது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தடுப்பை அவள் கண்டதில்லை.

மாடத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், பந்து வெளிய போச்சு. அந்தா கெடக்கு பாருங்க."

"விசிலுக்குப் பெறகு தடுத்தது கணக்குல வராதும்மா" என்றார் நடுவர்.

"நான் தடுக்கதுக்கு முன்னாடியே ஊதிட்டா, நான் எப்ப சார் தடுக்க?"

நடுவர் விதியையே திரும்பச் சொன்னார். விவகாரம் போட்டிக் குழுத் தலைவர் குருவப்பன் அண்ணாச்சியிடம் போனது. அவர் மேடையை விட்டு இறங்கி வந்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். அத்தனையிலும் கோல்.

"இத்தன படமும் பொய்யாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"எதிர் டீமுக்காரவுகல்லாம் இந்த லென்ஸை வச்சு என்னைப் படிச்சிட்டு வாராக அண்ணாச்சி. நான் எந்தப் பக்கம் பாய்வேன்னு எனக்கு முன்னாடியே அவுகளுக்குத் தெரியுது. அதான், மனசாரவே எடது பக்கம்னு நெனப்பேன். கடைசில மனச மாத்திக்கிடுவேன். ரெண்டு வருசமாப் பழகினேன்." ஹெல்மெட்டைத் தரையில் போட்டாள். "அதுவே எனக்கு வெனையாப் போச்சு."

செண்பகவல்லி வாயை மூடிக்கொண்டு போனால் நாளைய பத்திரிகையில் முதல் பக்கம் அவளுடையது. திறந்தால் உள்ளூர் கோல் போகும், வில்லையின் பெயர் கெடும், அதை நம்பி வாங்கிய அவள் பெயரும் சேர்ந்து கெடும். ஆனாலும் அந்தத் தடுப்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நிற்க அவளால் முடியவில்லை.

"படம் தப்பு அண்ணாச்சி. புள்ள தடுத்துட்டா. நான் பாத்தேன்."

"எந்த லென்ஸ்ல?"

"எடது கண்ணுல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். "வீட்டு வெலை கொடுத்து வாங்கின லென்ஸ நம்பாம, கண்ண நம்பச் சொல்லுதியாக்கும்?" என்றவர், தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

செண்பகவல்லிக்குச் சட்டென்று கோபம் வந்தது, கூடவே யோசனையும். வில்லையைத் தூக்கி அண்ணாச்சியின் முகத்துக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள். பெருந்திரையில் அண்ணாச்சி தோன்றினார். தலை மறுத்து ஆடுகிறது, கை காற்றை வெட்டுகிறது. பார்த்ததும் உள்ளூர்க் கூட்டம் ஆர்ப்பரித்தது. "தலைவர் சொல்லிட்டாரு! கோல் கோல்தான்!" நடுவர் விசிலை ஊதினார். ஸ்கோர் பலகையில் கோல் ஏறியது.

அண்ணாச்சி திறந்த வாயோடு நின்றார். கை பாதி வழியில் நின்றது.

"ஏய்! நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலயே! அதுக்குள்ள எவன்டா ஊதுனது?"

"சொன்னாலும் இதத்தான சொல்லியிருப்பீக" என்றாள் செண்பகவல்லி. "படம் தப்பாதுன்னு விதி போட்டதே நீங்கதான அண்ணாச்சி."

உண்மையில் அவர் சொல்ல வந்தது அதேதான். ஆனால் நாற்பது வருடமாகத் தீப்பெட்டி ஆலை நடத்துகிறவரின் வாயை அவருக்கு முந்தி வேறொன்று திறப்பதா? முகம் சிவந்தது. மாடத்தியைப் பார்த்தார்.

"இதத்தான் நீயும் கேட்டியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"திரைய அமத்துங்கல! லென்ஸு, போனு, எல்லாத்தையும் மூடுங்க. இன்னொரு தடவ அடிக்கட்டும். கண்ணால பாத்துட்டு ஊதுங்க!"

திரை இருண்டது. ஆயிரக்கணக்கான பேர் எங்கே பார்ப்பது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். செண்பகவல்லி அண்ணாச்சியிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, பையின் அடியில் கிடந்த பழைய சாதாரண லென்ஸை எடுத்து மாட்டினாள். என்ன நடக்கும் என்று தெரியாமல் அவள் படமெடுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

மாடத்தி இடப்பக்கம் சாய்ந்தாள். அவளுடைய தந்திரம் இப்போது ஊருக்கே தெரியும். வலப்பக்கம்தான் பாய்வாள் என்று கணக்குப் போட்டு ரிஸ்வானா இடப்பக்கம் தள்ளினாள். மாடத்தி இந்தமுறை மனதை மாற்றிக்கொள்ளவில்லை. சாய்ந்த பக்கமே விழுந்தாள். நெஞ்சுக்கவசத்தில் மோதிய பந்து திரும்பி ஓடியது. அதற்குப் பிறகுதான் விசில் வந்தது. அதற்கும் பிறகு கைதட்டல் வந்தது. உள்ளூர்க்காரர்களும் தட்டினார்கள்.

செண்பகவல்லி படத்தைப் பார்த்தாள். பிந்திவிட்டது. ஈரப்புல்லில் மாடத்தி ஒருக்களித்துக் கிடக்கிறாள், தண்ணீர்த் திவலைகள் தெறிக்கின்றன, பந்தைக் காணோம். இதை வைத்துக்கொண்டு தடுத்தாள் என்று யாரிடம் நிரூபிப்பது? நல்ல விளையாட்டுப் படக்காரி என்று இருபது வருடம் பேர் வாங்கியவளுக்கு அழுகையே வந்தது. இருந்தாலும் முன்வரிசைக்கு ஓடினாள்.

"மேடம், மன்னிச்சிருங்க. படம் லேட்டாயிருச்சு. படத்துல பந்து விழல. ஆனா சத்தியமா அந்தப் புள்ள..."

ரெஜினா மேடம் பலகைக் கணினியைத் திறந்து, முன்பு அழித்த பெயரை மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"படம் எதுக்குங்க? நான்தான் பாத்தேனே!"