பத்து நிமிடம் மட்டும் ஓடிய இயந்திரம்

புல்வெட்டும் இயந்திரம் மூன்றாவது முறையாக நின்றபோது மணி பன்னிரண்டரை. மைதானத்தில் கால்வாசிப் புல்தான் வெட்டியிருந்தது. மீதியெல்லாம் காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது, முடிந்தால் வெட்டிப் பார் என்பதுபோல.

பட்டாணி கோட்டோரத்தில் நின்று மீதிப் புல்லைக் கண்ணால் அளந்தாள். வயது பத்து, ஆளும் பொடிசு என்பதால் வந்த பெயர் அது. ஆனால் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் தலைவி. நான்கு மணிக்கு ஆட்டம். மூன்று மணிக்கு நடுவர் வந்து மைதானத்தைப் பார்ப்பார். புல் கணுக்காலுக்கு மேல் இருந்தால் ஆட்டம் எதிரணியின் மைதானத்துக்குப் போய்விடும்.

அங்கே தரை முழுக்கச் சரளைக்கல். போன தடவை அங்கே விழுந்த கோல்கீப்பர் இரண்டு வாரம் நொண்டினாள். "இன்னொரு தடவை சரளையில ஆட நான் வரமாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். கோல்கீப்பர் இல்லாமல் என்ன ஆட்டம்?

பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொள்வது பட்டாணியின் அம்மாவின் வேலை. அம்மா இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். டுர்ர்ர், புஸ். மறுபடியும் இழுத்தார். டுர்ர்ர், புஸ்.

"ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க அக்கா" என்றார் காவலாளி மாமா.

"கழட்டியாச்சு, தொடைச்சாச்சு. பொறி நல்லாத்தான் வருது."

"பெட்ரோல் பழசோ?" என்று கேட்டார் விளையாட்டு ஆசிரியர்.

"நேத்து வாங்கினது சார். காத்து வடிகட்டியையும் தட்டி மாட்டிட்டேன்."

காவலாளி மாமா இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "போன வாரம் வரைக்கும் ஒரே இழுப்புல கிளம்புச்சு. தம்பி பெயிண்ட் அடிச்சதிலிருந்துதான் இப்படி. வாழைப்பழம் மாதிரி ஆக்கிட்டான்ல, வெளிய வரவே அதுக்கு வெட்கமா இருக்குபோல."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டாணியின் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. துருவைச் சுரண்டி, இரண்டு முறை மஞ்சள் பூசி, அம்மாவுக்குத் தெரியாமல் இயந்திரத்தைப் புதுசாக்கியவன் அவன். திருகாணியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. இப்போது குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா பெட்ரோல் டேங்கின் மூடியை ஸ்ஸ் என்று திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பாதி இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார். டுர்ர்ர், டடடடடட.

"கிளம்பிருச்சு" என்று எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று வரிசை வெட்டியதும் இயந்திரம் இருமியது, குலுங்கியது, நின்றது. சரியாகப் பத்து நிமிடம்.

அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் பண்ணப் போனார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. "திங்கக்கிழமைதான் வர முடியுமாம்."

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கால் மணி நேரம் பார்ப்போம். அதுக்கு மேல ஆனா நடுவருக்குச் சொல்லிட வேண்டியதுதான்."

பட்டாணி புல்லில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் புட்டியை வாயில் வைத்து உறிஞ்சினாள். புட்டியின் வயிறு ஒட்டிப்போனது. அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் வரவில்லை. வாயை எடுத்ததும் ஸ்ஸ் என்று காற்று உள்ளே போய், புட்டி மறுபடியும் உப்பியது.

இந்தச் சத்தத்தை இப்போதுதானே எங்கோ கேட்டோம்?

அம்மா பெட்ரோல் மூடியைத் திறந்தபோது. அதே ஸ்ஸ். யோசித்துப் பார்த்தாள். இரண்டாம் முறை நின்றபோதும் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இயந்திரம் கிளம்பியது. முதல் முறையும் அப்படித்தான். பிளக்கைத் துடைத்தபோது கிளம்பவில்லை. வடிகட்டியைத் தட்டியபோதும் கிளம்பவில்லை.

அவள் எழுந்து ஓடினாள். "அம்மா, அந்த மூடியை ஒரு தடவை பார்க்கலாமா?"

"எஞ்சின் ஆறட்டும். அப்புறம் அண்ணனைத் திறந்து தரச் சொல்லு, நீ கை வைக்காத."

இருவரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரம் போலப் போனது. இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு அண்ணன் மூடியைத் திருகினான். ஸ்ஸ். பட்டாணி அதை வாங்கித் திருப்பினாள். அடிப்பக்கம் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. மேல்பக்கம் வழவழவென்று மஞ்சள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். துளை வழியாக ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்திலேயே காவலாளி மாமா அடுத்த கிண்டலுக்குத் தயாராக நின்றார். பட்டாணி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"அண்ணா, இதுல மேல ஒரு ஓட்டை இருந்துச்சா?"

"சின்னதா ஒண்ணு இருந்துச்சு." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. "நான் ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சேன்."

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து போகணும்ல? போக வழியில்ல. அதான் பெட்ரோல் கீழ இறங்காம நின்னுடுது."

"அப்போ எல்லாம் என்னாலதான்."

"அதை அப்புறம் பேசிக்கலாம். இந்தா ஊக்கு." சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "நீயே குத்து."

அண்ணன் மெதுவாகக் குத்தினான். மஞ்சள் துணுக்கு ஒன்று உதிர்ந்தது. துளை வழியாக வானம் தெரிந்தது. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மூடியை மாட்டினான்.

"அம்மா, இப்போ இழுத்துப் பாரும்மா" என்றாள் பட்டாணி.

ஒரே இழுப்பு. டடடடடட.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எல்லோர் கண்ணும் கடிகாரத்தில். எட்டு நிமிடம். ஒன்பது. பத்து. அம்மா திரும்பி வந்து அடுத்த வரிசையைத் தொடங்கினார். பதினொன்று. பதினைந்து. ஆசிரியர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதுதான் கைதட்டல் கிளம்பியது, இயந்திரச் சத்தத்தையும் மீறி.

"என்ன மாயம் பண்ணீங்க?" என்றார் காவலாளி மாமா.

"மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்துச்சு மாமா" என்று மட்டும் சொன்னாள் பட்டாணி.

"அடைச்சது என் பெயிண்ட்தான்" என்றான் அண்ணன். "கண்டுபிடிச்சது இவ."

காவலாளி மாமா எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி தம்பி, என் சைக்கிளுக்கும் மஞ்சள் அடிச்சுக் குடு. மணியை மட்டும் விட்டுடு."

இப்போது அண்ணனும் சிரித்தான்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வரிசையும் முடிந்தது. நடுவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சிரிக்காத மனிதர். பேசாமல் ஒரு பந்தை வாங்கிக் கோல் கம்பத்தருகே வைத்து லேசாகத் தட்டினார். பந்து உருண்டது. எங்கும் தடுக்காமல், துள்ளாமல், நடுக்கோட்டை நோக்கி நேராக உருண்டது.

"இங்கேயே ஆடலாம்" என்றார்.

பட்டாணியின் அணி போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. எல்லோருக்கும் முன்னால் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடியவள் கோல்கீப்பர்.

நான்கு மணிக்குப் பட்டாணி பந்தை நடுவில் வைத்து நிமிர்ந்தாள். புதிதாக வெட்டிய புல்லின் வாசனை மூக்கை நிறைத்தது. கோட்டுக்கு வெளியே அம்மாவும் அண்ணனும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். விசில் ஒலித்தது. அவள் உதைத்தாள்.