மீட்டர் கேட்ட மூச்சு

சத்தம் அளக்கக் கூப்பிடுகிற வீடுகளில் பாதி பொய், மீதி பக்கத்து வீட்டுப் பகை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் கற்ற பாடம் அதுதான். அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். உண்மையில் காதைவிட அவளுடைய சந்தேகம்தான் கூர்மை.

அன்று மத்தியானம் போனது ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளம். கதவைத் திறந்த பெண்ணின் தோளில் இரண்டு வயதுப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் கணவன், சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் நின்றான்.

"குழந்தை ரூம்ல ஏதோ உறுமுது மேடம். காதுல இல்ல, நெஞ்சுல கேக்குது," என்றாள் அந்தப் பெண்.

"மீட்டர்ல ஒண்ணும் வரலைன்னா குழந்தையை எங்கம்மாகிட்ட விட்டுடப் போறேன். இவளை டாக்டர்கிட்ட காட்டணும்," என்றான் கணவன். அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எல்லாம் அந்தப் பெண்ணின் கற்பனைதான் என்று பாம்புச்செவி அப்போதே முடிவுகட்டிவிட்டாள்.

அறையில் ஒரு சின்னக் கட்டில், சாத்திய ஜன்னல், காயாத துணியின் வாடை. மீட்டரை முக்காலியில் பொருத்தி, மைக்கின் தலையில் பஞ்சு உருண்டையை மாட்டினாள். வழக்கம்போல அளவு முறையை 'ஏ'யிலும் வேகத்தை 'ஸ்லோ'விலும் வைத்தாள். திரையில் 'அண்டர்' என்று வந்தது. வைத்த அளவுகோலுக்கும் கீழே என்று அர்த்தம். அளவுகோலை இறக்கியதும் இருபத்தெட்டு டெசிபல் என்றது. இவ்வளவு அமைதியான அறையை அவள் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களா? ஏ-லயே முடிச்சிடுங்க மேடம். சி-க்கெல்லாம் போக வேண்டாம்," என்றான் கணவன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக இருந்தது அவளுக்கு. சி என்று ஒன்று இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

ஏ என்பது மனிதக் காது மாதிரி. அடித்தொண்டை உறுமல் மாதிரித் தாழ்ந்த சத்தத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடும். சி அப்படித் தள்ளாது. அலுவலகக் கணக்குக்கு ஏ மட்டும் போதும் என்பதால் சி பொத்தானை யாரும் தொடுவதில்லை. அவளும்தான்.

தொட்டாள்.

இருபத்தெட்டு, அறுபத்தைந்தாகக் குதித்தது.

"மெயினை அணைங்க சார்."

அணைத்தான். விளக்கு போனது. எண் இறங்கவில்லை. ஸ்லோவில் வைத்தால் ஏற்ற இறக்கத்தை மெழுகிவிடும் என்று ஃபாஸ்டுக்கு மாற்றினாள்.

அறுபது. எழுபது. அறுபது. எழுபது.

நிதானமாக ஏறியது. நிதானமாக இறங்கியது.

"மூச்சு விடுது," என்று கிசுகிசுத்தாள் அந்தப் பெண்.

"எல்லாரும் கொஞ்சம் மூச்சை அடக்குங்க," என்றாள் பாம்புச்செவி.

மூவரும் அடக்கினார்கள்.

எண்ணும் அசையாமல் நின்றது.

பாம்புச்செவி ஓர் அடி பின்வாங்கினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு வீட்டில் பயந்தாள்.

"யாரு?" என்றாள், உதடு அசைந்ததோ இல்லையோ.

காதில் ஒன்றும் விழவில்லை. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. திரையில் 'ஓவர்' எரிந்தது. அளவுகோலுக்குள் அடங்காத சத்தம் என்று அர்த்தம்.

மீட்டரை முக்காலியோடு வாரிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் அவர்கள் ஓடினார்கள்.

கீழே அவர்களுடைய காருக்குள் எல்லாரும் ஏறிக் கதவுகளைச் சாத்திய பிறகுதான் கணவன் வாயைத் திறந்தான். "நானும் ஒரு மீட்டர் வாங்கிப் பார்த்தேன். சி-ல வெச்சப்போ இதே மாதிரிதான் வந்துச்சு. சொன்னா யார் நம்புவா? குழந்தையை எப்படியாவது வெளியே அனுப்பிடணும்னு..."

"அதுக்கு என்னைப் பைத்தியமாக்குவீங்களா?"

அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "தப்புதான். குழந்தை உன்கிட்டயே இருக்கட்டும். இந்த வீட்டுக்கு இனி வர வேண்டாம்."

பின் இருக்கையில், பாம்புச்செவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அழுதாள், அழுகையோடு சிரித்தாள். குழந்தை அவள் மடியில் அசந்து தூங்கியது. அவ்வளவு ஓட்டத்திலும் அது விழிக்கவே இல்லை.

மீட்டரை அணைக்கக் குனிந்த பாம்புச்செவியின் விரல் பாதியில் நின்றது.

ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து.

குழந்தையின் மூச்சாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மைக்கைக் குழந்தை பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். எண் கூடியது. குழந்தையின் நெஞ்சைப் பார்த்தாள்.

நெஞ்சு ஏறும்போது எண் இறங்கியது.

நெஞ்சு இறங்கும்போது எண் ஏறியது.

"ரொம்ப நன்றி மேடம்," என்றாள் அந்தப் பெண், குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டபடி. "வெளியே கொண்டுவந்துட்டோம். இனிமே எனக்குப் பயமில்ல."