அயல் இழை

"சுத்தம்" என்றது, மண்ணிலுள்ள பூஞ்சை இழைகளைச் சோதிக்கும் இழைமானி. மண் ஆய்வாளர் சுகிர்தாவின் முன்னே கிர்ணிப்பழக் கொடிகள் வயல் முழுக்க வாடிச் சாய்ந்து கிடந்தன.

"இன்னொரு வாட்டி கேளுங்க மேடம், அதுக்குக் காது மந்தமோ என்னமோ" என்றார் வயலுக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம். மரக்காணம் வட்டாரத்துக்கே காப்பன் என்ற காவல் பூஞ்சையை விற்றவர் அவர்.

சுகிர்தா ஒரு தண்டைக் கீறினாள். உள்ளே பழுப்புக் கோடு. பாடநூல் படத்தில் மட்டுமே பார்த்திருந்த வாடல் நோய்.

வாடல் பூஞ்சையில் ஒரு வகையை எடுத்து, நஞ்சை நீக்கி உருவாக்கியதுதான் காப்பன். பூஞ்சை இழைகள் மண்ணில் சந்தித்தால் ஒத்த மரபணு உள்ளவை இணையும். ஒவ்வாதவை ஒன்றையொன்று கொல்லும். அந்தக் குணத்தை ஆய்வகம் கூர்தீட்டிவிட்டது. சில ஆண்டுகளில் வட்டாரம் முழுக்கக் காப்பன் மட்டுமே மிஞ்சியது. வேறு இழை தென்பட்டால் இழைமானி "கலப்பு" என்று சொல்லும். நீராவி வண்டி வந்து அந்த மண்ணை வேகவைத்துவிட்டுப் போகும்.

அவள் போன வாரம் இந்த வயலிலிருந்து அனுப்பிய மண்ணைச் சோதித்துவிட்டு, ஆய்வகத்திலிருந்து தாவூத் அழைத்தான்.

"உன் காப்பன் கெட்டுப்போச்சு சுகி. எவனோ ஒரு பூஞ்சையைத் தின்னிருக்கு, அவன் நஞ்சு மரபணு இதோட ஒட்டிக்கிச்சு. மானிக்கு அது இன்னமும் வீட்டுப் பிள்ளைதான்."

"எப்படிப் பரவுச்சு?"

"வாடுதுன்னு இப்ப சேதி வந்த வயலையெல்லாம் வரைபடத்துல வச்சுப் பார்த்தேன். ஏகாம்பரம் வயல்ல ஆரம்பிச்சு, நீ ஆய்வுக்குப் போற வழி அப்படியே வருது."

அவள் கையிலிருந்த இழைமானியின் துளைக்கம்பியைப் பார்த்தாள். 'கலப்பு' வயலில் குத்திய கம்பியைத் தீயில் வாட்ட வேண்டும். 'சுத்தம்' என்றால் வேண்டியதில்லை. அதுதான் விதி. அவள் அதை ஒருநாளும் மீறியதில்லை.

"நான் போன வயல்ல வாடாதது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. அஞ்சலாட்சி வயல்."

அஞ்சலாட்சி ஏகாம்பரத்தின் அண்ணி. பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. கொழுந்தன் கையால் எதுவும் வாங்க மாட்டேன் என்று காப்பனையும் மறுத்துவிட்டாள். அவள் மண்ணில் பழைய இழைகள் பல வகை; ஆண்டுதோறும் பாதிக் கொடி சாகும், பாதி காய்க்கும். நஞ்சேறிய காப்பனை அந்தக் கூட்டம் கால் ஊன்ற விடவில்லை. அந்த வயலை வேகவைக்க உத்தரவு போட்டிருந்ததும் சுகிர்தாதான். வண்டி போகும் நாள் இன்று.

அவள் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் நீராவி வண்டியின் குழாய்கள் கிடந்தன. அவற்றின் மேல் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, உன்னையுந்தான் எதிர்பார்த்தேன். என்னையும் சேர்த்து வேகவச்சிட்டுப் போ."

"வண்டியை நிறுத்துங்க" என்றாள் சுகிர்தா.

"மானி 'சுத்தம்'னு சொன்னாத்தான் நிறுத்த முடியும் மேடம்" என்றான் ஓட்டுநர். "உங்க விதிதானே?"

சுகிர்தா குனிந்தாள். செருப்பில் ஏகாம்பரம் வயல் மண் ஒட்டியிருந்தது. அதை வழித்துக் கம்பியின் நுனியில் அப்பினாள்.

"சுத்தம்" என்றது இழைமானி.

ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டுக் குழாய்களைச் சுருட்டினான். வண்டி போனது.

"செருப்பை அங்கயே விடு. அந்தக் கம்பியையும்" என்றாள் அஞ்சலாட்சி. சுகிர்தா வெறுங்காலோடு இறங்கி, நடந்ததையெல்லாம் சொன்னாள். இந்த மண்ணில் உள்ள இழைகளைத் தவிரக் காப்பனைத் தடுக்க வட்டாரத்தில் வேறொன்றும் மிச்சமில்லை என்பதையும் சொன்னாள்.

அஞ்சலாட்சி மடிநிறைய மண் அள்ளினாள். "எந்த வயலுக்கு மொதல்ல?"

"நோய் கிளம்பின இடத்துக்கு. ஏகாம்பரம் வயலுக்கு."

மடி அவிழ்ந்தது. மண் நிலத்திலேயே கொட்டியது.

"ஊருக்கே தாரேன். ஆனா மொத ஆளா அவன் வந்து, என் கையால வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

சுகிர்தா வரப்பில் நின்றபடியே ஏகாம்பரத்தை அழைத்தாள். காப்பன் கெட்டதையும், வட்டாரம் முழுக்க வாடப்போவதையும், தடுக்கக்கூடிய மண் எங்கே இருக்கிறது என்பதையும், முதல் ஆளாக அவரே வந்து அதை வாங்க வேண்டும் என்பதையும் விளக்கினாள். வாடிய கொடிகளின் நடுவே அவர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அவர் கேட்டது ஒன்றுதான்:

"அந்தம்மா கையாலயா?"